இடது கையில் மட்டும் பேய்

ஓசூரில் அந்த மாதம் இரண்டு சங்கதிகள் ஒரே வேகத்தில் பரவின. ஒன்று மெட்ராஸ் ஐ. மற்றொன்று மஞ்சத்துணி சாமியின் புகழ். எது எதைப் பரப்பியது என்று கண்டுபிடிக்க ஊருக்கு மூன்று வாரம் ஆயிற்று.

கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற சாலையில் ஒரு பழைய ஷெட் இருக்கிறது. முன்பு அங்கே ரோஜாப்பூக்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி விமானத்துக்கு அனுப்பினார்கள். முதலாளி நஷ்டப்பட்டுப் போனபின் பல்லிகள் குடியிருந்தன. இப்போது சாமி குடிவந்துவிட்டார். பல்லிகளும் காலி செய்யவில்லை. அவை கத்தினால் அதற்கும் சாமி பலன் சொன்னார்.

முதல் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்கள் அந்தப் பக்கமாகத் திரும்பின. கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் எலுமிச்சம்பழம். தூரத்திலிருந்து பார்த்தால் நடிகர் சங்கத்துக்குத் தேர்தல் நடக்கிறதோ என்று தோன்றும். கிட்டே போனால்தான் தெரியும், அத்தனை பேருக்கும் கண் பீளை கட்டியிருக்கிறது. பெண்கள் சிலர் ஆரத்தித் தட்டோடு வாசலிலேயே நின்றார்கள். சாமி வெளியே வரும்போதெல்லாம் சுற்றினார்கள். சாமி அடிக்கடி வெளியே வந்தார்.

சாமியின் தத்துவம் எளிமையானது. கண் சிவப்பது கிருமியால் இல்லை. கிருமி என்பது மருந்துக்கடைக்காரன் கட்டிவிட்ட கதை. ஊருக்குள்ளே புத்தி கலங்கினவர்கள் நடமாடுகிறார்கள். அவர்கள் மேல் ரத்தக் காட்டேரி ஏறி உட்கார்ந்து, அவர்கள் கண் வழியாக எட்டிப் பார்க்கிறது. அது யாரைப் பார்த்தாலும் அவர் கண் சிவந்துவிடும். ஆகவே கலங்கினவரைக் கண்டுபிடித்துக் காட்டேரியை இறக்கினால் ஊரே குணமாகும்.

கண்டுபிடிக்க ஒரு சோதனை. சாமியின் வலப்பக்கம் ஒரு பித்தளைக் குடம், பெயர் கங்கை. இடப்பக்கம் இன்னொன்று, பெயர் யமுனை. இரண்டுக்கும் வேப்பிலை, இரண்டுக்கும் மாலை. சீடர் கிருஷ்ணப்பன் ஏதாவது ஒரு குடத்திலிருந்து மொண்டு கைகளில் ஊற்றுவார். ஈரக் கையை மஞ்சளில் நனைத்த வேட்டித்துணியில் பதிக்க வேண்டும். துணி மஞ்சளாகவே இருந்தால் வந்தவர் சுத்தம். கை பட்ட இடம் ரத்தச் சிவப்பானால் காட்டேரி. உடனே சாமி அந்தச் சிவப்பின்மேல் எலுமிச்சம்பழம் பிழிவார். சிவப்பு மறைந்து மறுபடி மஞ்சளாகும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். காட்டேரியிடம் சாமி முதலில் தமிழில் பேசுவார், அது மசியாவிட்டால் தெலுங்கில், அதற்கும் மசியாவிட்டால் கன்னடத்தில். எல்லைப்புறக் காட்டேரி, மூன்றும் தெரிந்திருக்க வேண்டியதுதான்.

கடைசியாகக் கண் மை. கொட்டாங்குச்சியில் கறுப்பாக ஒரு களிம்பு. சாமி தமது வலது ஆள்காட்டி விரலால் எல்லாருடைய கண்ணுக்குள்ளும் தீட்டிவிடுவார். ஒரே கொட்டாங்குச்சி, ஒரே விரல், ஒரு நாளைக்கு முந்நூறு கண். சாமி காசைக் கையால் தொடமாட்டார், காசு தீட்டு. அதற்காகத் தூணில் ஸ்கேன் பண்ணும் அட்டை தொங்கியது.

நல்ல கண்ணோடு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இரண்டு நாள் கழித்துச் சிவந்த கண்ணோடு திரும்பி வந்தார்கள்.

"பாத்தீங்களா? உள்ள இருந்தது வெளிய வருது," என்றார் சாமி.

அவர்களும் பார்த்தார்கள். அதாவது, முடிந்தவரை பார்த்தார்கள்.

இதுவரை துணி சிவந்தவர்கள் பதினொரு பேர். அவர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் காட்டேரியின் ருசி புரியும். வீட்டுக்காரர்கள் மேல் அது ஏறவில்லை. கம்பெனியில் ஆள் எடுக்கிறவர்கள் மேல் ஏறவில்லை. கட்சிக்கொடி கட்டிய கார் வைத்திருப்பவர்கள் பக்கமே போகவில்லை. தனியாக வாழ்கிறவர்கள், மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எதிர்த்துப் பேச ஆள் இல்லாதவர்கள் என்று தேடிப்பிடித்து ஏறியது. வரிசையில் நிற்பவர்களுக்கு டீ கொடுத்தபடியே கிருஷ்ணப்பன் ஊர்க்கதை விசாரிப்பார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. டீ நன்றாக இருந்தது.

பன்னிரண்டாவது ஆளாக மாட்டவிருந்தவள் மாதேஸ்வரி.

சிப்காட்டுக்குப் பின்னால் பாப்பம்மாவின் லைன் வீட்டில், பன்னிரண்டு அறைகளில் ஐந்தாவது அறை மாதேஸ்வரியுடையது. வயது முப்பத்தாறு. தனி ஆள். ஆறு வருஷத்துக்கு முன் அவள் அறையின் மின்விசிறி அவளைப் பற்றிப் புரளி பேச ஆரம்பித்தது. அவள் பயந்து ஒடுங்கினாள். பிறகு வைத்தியம் கிடைத்தது, மாத்திரை கிடைத்தது, விசிறி வாயை மூடிக்கொண்டு காற்று மட்டும் கொடுக்கத் தொடங்கியது. நடுவில் ஒருமுறை யாரோ ஒரு புண்ணியவான், 'மாத்திரை உடம்புக்குச் சூடு' என்று சொல்ல, நிறுத்திப் பார்த்தாள். மூன்று நாள் சானமாவுக் காட்டோரம் தன்னந்தனியாக நடந்தாள். யானைகள் ஒதுங்கி வழிவிட்டன. மனிதர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள்.

மாசாமாசம் மருந்து வாங்கப் போகிற இடத்தில் ஜெபசீலி என்றொரு நர்ஸ். அவர் தம்மிடம் வருகிறவர்களை உட்கார வைத்து ஒரு பாடம் எடுப்பார். மனசு சோர்ந்தால் முதலில் கைவிட்டுப் போவது குளியலும் கைகழுவலும்தான். அதற்குப் பின்னாலேயே வயிற்றுப்போக்கு, சேற்றுப்புண், காய்ச்சல் எல்லாம் வரும். மனநோயே போதும், அதற்குத் துணைக்கு வேறு நோய் எதற்கு? ஆகவே மாத்திரைக்கு முன்னால் கை. சோப்பு போட்டு இருபது எண்ணும்வரை. மாதேஸ்வரிக்கு முதல் மாதம் ஐந்துக்கு மேல் எண்ண முடியவில்லை. "அஞ்சு எண்ணினியா? நல்லது. அடுத்த மாசம் ஆறு எண்ணு," என்றார் ஜெபசீலி. அப்படியே இருபது வந்தது. வந்தபின் போகவில்லை.

அந்தப் பழக்கம்தான் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலை. சுத்தம் சோதிக்க வந்த ஆடிட்டர் ஒருவர் அவள் கை கழுவுவதை நின்று பார்த்துவிட்டுப் பாராட்ட, கேன்டீன் சூப்பர்வைசர் ஆனந்தராஜ் அவளையே கைகழுவும் தொட்டிக்குக் காவல் போட்டார். "விரல் இடுக்கு! விரல் இடுக்கு!" என்று எஞ்சினியர்களையே விரட்டினாள். கேன்டீனில் அவளுக்குக் 'கைகழுவுற பைத்தியம்' என்று பேர். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பேரில் பாதி உண்மை என்று அவளுக்கே தெரியும்.

வினை எங்கே வந்தது என்றால், லைன் வீட்டில் பதினொரு அறைக்கும் மெட்ராஸ் ஐ வந்து, ஐந்தாவது அறைக்கு மட்டும் வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பாப்பம்மா வாசலில் வந்து நின்றார். அவருக்கு இரண்டு கண்ணும் தக்காளி.

"ஏன்மா மாதேஸ்வரி, லைன்ல எல்லாருக்கும் கண்ணு செவந்துடுச்சு. உனுக்கு மட்டும் ஏன் செவக்கல?"

"நான் கை கழுவறேன்க்கா. கண்ணைத் தொடறதில்ல. என் துண்டை யாருக்கும் குடுக்கறதில்ல."

"அதெல்லாம் வெளி ஆளுங்களுக்குச் சொல்லு. எய்றவன் மேல அவன் அம்பு பாயுமா? பாக்கறவ கண்ணு செவக்காதாம், பாக்கப்படறவங்க கண்ணுதான் செவக்குமாம். சாமி சொன்னாரு."

"அப்ப கண்ணு செவந்திருந்தா?"

"அப்பவும் உன்மேல காட்டேரி இருக்குன்னு அர்த்தம். அது வெளிய வருது." பாப்பம்மா கண்ணைக் கசக்கினார். கசக்கிய கையாலேயே அவள் தாடையைப் பிடித்துக் கொஞ்சப் பார்த்தார். மாதேஸ்வரி பின்னால் நகர்ந்தாள்.

"பாத்தியா, பாத்தியா! தொட்டா ஒதுங்கறே. தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். "இன்னிக்கே சாமிகிட்ட வா. வரலேன்னா ரூமைக் காலி பண்ணு. எனக்குப் பதினொரு ரூம் முக்கியம்."

போனாள். ஷெட்டில் ஆனந்தராஜும் நின்றார். கேன்டீன் சுவரில், 'கிருமிகளைத் தடுப்போம்' என்று மூன்று மொழியில் ஸ்டிக்கர் ஒட்டியவர் அவர். இப்போது மையிட்ட கண்ணோடு கைகட்டி நின்றார். ஸ்டிக்கர் ஆடிட்டுக்கு, மை தனக்கு.

கிருஷ்ணப்பன் டீ கொடுத்தபடி, "என்ன மாத்திரை சாப்பிடறே?" என்று கேட்டார். பாப்பம்மாவே பதில் சொன்னார். கிருஷ்ணப்பன் யமுனைப் பக்கம் போனார்.

தண்ணீர் கையில் விழுந்தது. துணியில் கை பதிந்தது. துணி சிவந்தது.

கூட்டம் ஒரே மூச்சாக 'ஆ' என்றது. சாமி மூன்று மொழியிலும் பேசினார். எலுமிச்சை பிழிந்தார். பிறகு தீர்ப்பு: ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் இருக்கும் மாத்திரை முழுவதையும் கொண்டுவந்து ஹோம குண்டத்தில் போட வேண்டும். அப்புறம் நாற்பத்தெட்டு நாள் ஷெட்டிலேயே தங்க வேண்டும். அந்த நாற்பத்தெட்டு நாளும் உடம்பில் சோப்பு படக்கூடாது.

"மாத்திரைதான் காட்டேரிக்குத் தீனி," என்றார் சாமி.

கண்ணில் மை தீட்ட விரல் நீண்டது. மாதேஸ்வரி, "கண்ணைத் தொடாதீங்க," என்றாள். இருநூறு பேர் முன்னால் அவள் சொன்னது அந்த ஒரே வாக்கியம்தான்.

வெளியே ஆனந்தராஜ் தாழ்ந்த குரலில் பேசினார். "மாதேஸ்வரி, எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா ஷிப்ட்ல பேச ஆரம்பிச்சுட்டாங்க. நீ தொட்ட காயைத் தின்னமாட்டோம்ங்கறாங்க. சண்டே சாமி சொன்னதைச் செஞ்சுட்டேன்னா நாப்பத்தெட்டு நாள் கழிச்சு ஜாயின் பண்ணிக்கலாம். இல்லேன்னா மண்டே வரவேணாம்."

ஆக, மாத்திரையைக் கொடுத்தால் மின்விசிறி மறுபடி பேசும். கொடுக்காவிட்டால் அறையும் இல்லை, வேலையும் இல்லை.

வெள்ளிக்கிழமை துவைக்கிற நாள். லைன் வீட்டின் துணிக்கல்லில் மாதேஸ்வரியும் எட்டாவது அறைப் பேச்சியம்மாளும் கேன்டீன் ஏப்ரன்களைத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, அதே கேன்டீனில் பாத்திரம் தேய்ப்பவள். வெற்றிலை போடாவிட்டால் வேலை ஓடாது. அவளுக்கும் கண் சிவப்புதான்.

மாதேஸ்வரியின் வெள்ளை ஏப்ரனில் சாம்பார்க் கறை. நல்ல மஞ்சள். அதில் சோப்பை வைத்து இழுத்தாள். கறை ரத்தமாகச் சிவந்தது.

அவள் கை நின்றது.

"பேச்சி, இங்க பாரு."

"என்னத்தப் பாக்க? மஞ்சக் கறையில சோப்பு பட்டா செவக்கத்தாம் செய்யும். எத்தன வருசமா தொவைக்கோம்."

"ஏன் செவக்குது?"

"ஏம்னா? செவக்கும், அவ்வளவுதாம்."

மாதேஸ்வரி தன் வலது கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "நேத்து சாமி எடத்துல ஊத்தின தண்ணி சோப்புத் தண்ணி இல்ல. நுரை இல்ல, வாசனை இல்ல. ஆனா வழுவழுன்னு இருந்துச்சு. காஞ்சதும் நகத்தோரம் வெள்ளையாப் பூத்துச்சு."

"அதையெல்லாமாக்கா பாப்பிய?"

"ஒரு நாளைக்கு நாப்பது தடவை கழுவறேன். தண்ணி எப்படி இருக்கும்னு என் கைக்குத் தெரியாதா?"

பேச்சியம்மாள் இடுப்பில் சுண்ணாம்பு ட்யூப் இருந்தது. மாதேஸ்வரி அதைக் கேட்டு வாங்கினாள். ஒரு சொம்புத் தண்ணீரில் கொஞ்சம் கரைத்தாள். தெளியவிட்டாள். மேலே நின்ற தெளிந்த நீரைச் சாம்பார்க் கறையில் விட்டாள். சிவப்பு. அதன்மேல் எலுமிச்சை மூடியைப் பிழிந்தாள். மஞ்சள்.

பேச்சியம்மாள் வெற்றிலையை மெல்வதை நிறுத்தவில்லை. "இதுல என்ன அதிசயம் இருக்கு? மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தாத்தான ஆரத்தி? பச்சப் புள்ளைக்குத் தெரியும்லா."

"அப்ப சாமி துணி செவந்தது?"

"அது பேயிக்கா."

இதுதான் அந்த ஊரின் மொத்த வியாதி. ஆரத்தித் தட்டில் சிவந்தால் சுண்ணாம்பு. துணிக்கல்லில் சிவந்தால் சோப்பு. ஷெட்டில் சிவந்தால் மட்டும் காட்டேரி. வாசலில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்துச் சிவப்பாக்கிச் சாமிக்குச் சுற்றிய பெண்கள், உள்ளே போய் மஞ்சள் துணி சிவந்ததும் மயங்கி விழுந்தார்கள்.

ஒரு நிமிஷம் கழித்துப் பேச்சியம்மாளின் வாய் நின்றது. சொம்பைப் பார்த்தாள். ஏப்ரனைப் பார்த்தாள்.

"யக்கா," என்றாள். "நாந்தான் கூறு கெட்டவளா?"

"நீ மட்டும் இல்ல."

"அப்ப வாங்க, இப்பமே போயிச் சொல்லிருவோம்."

"யாரு சொல்றது? நான் சொன்னா மாத்திரைக்காரி உளர்றான்னுவாங்க. நீ சொன்னா உனக்கும் ஏறிடுச்சுன்னுவாங்க. அவங்கவங்க கையே சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஷெட்டில் நிற்க இடமில்லை. காட்டேரி இறங்குவதைப் பார்க்க இரண்டு லைன் வீடும் ஒரு ஷிப்டும் வந்திருந்தன. குண்டம் எரிந்தது. சாமி கறுப்புக் கண்ணாடியோடு வந்து அமர்ந்தார். ஊர்ப் பாவத்தைத் தம் கண்ணில் வாங்கிக்கொண்டார் என்று கிருஷ்ணப்பன் அறிவித்தார். கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் பாவம் வழிந்துகொண்டிருந்தது.

மாதேஸ்வரி மாத்திரை டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். பயந்திருந்தாள், அதை மறைக்கவில்லை.

"போடு," என்றார் சாமி.

"போடறேன் சாமி. ஒரே ஒரு சந்தேகம்."

"காட்டேரி சந்தேகப்படும். அது அதோட குணம்."

"வியாழக்கிழமை எனக்கு இந்த யமுனைத் தண்ணியில கழுவிப் பாத்தீங்க. செவந்துச்சு. இன்னிக்குக் கங்கைத் தண்ணியில கழுவிப் பாத்தா செவக்காது. அப்புறம் காட்டேரி என் மேல இருக்கா, யமுனையில இருக்கா? அது மட்டும் பாத்துட்டா டப்பாவைப் போட்டுடறேன்."

சாமி சிரித்தார். "புனித நீரைச் சோதிக்கச் சொல்லுது பாருங்க! கலங்கின புத்தி!"

கூட்டம் தலையாட்டியது. அங்கேயே கதை முடிந்திருக்கும். ஆனால் சாமிக்கு ஒரு பெரிய ஆபத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் பக்தி.

பாப்பம்மா எழுந்தார். "அவ கெடக்கறா சாமி! யமுனையைப் பத்தி ஒருத்தி தப்பாப் பேசி நான் கேட்டுட்டு இருக்கறதா? எந்தக் குடத்துல ஊத்துனாலும் சுத்தமான கை சுத்தம்தான்னு நான் காட்டறேன். ஏ கிருஷ்ணப்பா, இந்தக் கையில கங்கையை ஊத்து, இந்தக் கையில யமுனையை ஊத்து!"

"வேணாம்மா," என்றார் சாமி.

"நீங்க சும்மா இருங்க சாமி, உங்க மானத்தை நான் காப்பாத்தறேன்."

கிருஷ்ணப்பன் அசையவில்லை. பாப்பம்மாவே போய் வலது கையைக் கங்கையில் முக்கினார், இடது கையை யமுனையில் முக்கினார், திரும்பி வந்து இரண்டையும் துணியில் ஓங்கிப் பதித்தார்.

வலது கை மஞ்சள். இடது கை சிவப்பு.

ஷெட்டில் பல்லி கத்தியது. இம்முறை பலன் சொல்ல ஆள் இல்லை.

"பாப்பம்மாவுக்குப் பாதிப் பேய்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பேச்சியம்மாளுடையது.

"எவடி அவ? எனக்கா பேயி?" பாப்பம்மா தம் இடது கையை ஒரு தேளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சாமி! என்னா சாமி இது?"

"இடப்பக்கமா ஏறியிருக்கும்மா," என்றார் சாமி. வேறென்ன சொல்வார்? "தோள்பட்டை வரைக்கும்தான். எறக்கிடலாம்."

"எனக்கு இடது தோள் வலிக்குது சார்," என்று ஒருவர் ஆனந்தராஜிடம் கவலையாகச் சொன்னார். ஆனந்தராஜ் மெல்லப் போய் யாருக்கும் தெரியாமல் யமுனையில் ஒரு விரலை விட்டார், துணியில் வைத்தார். ஒரு சிவப்புப் பொட்டு.

அவர் முகத்தில் ஓர் எண்ணம் வந்து உட்கார்ந்தது. நெடுநாள் ஆளில்லாத வீட்டுக்குக் குடிவந்ததுபோல அது கொஞ்சம் தடுமாறியது.

"எனக்கும் ஒரு விரல்ல மட்டும் காட்டேரி," என்றார்.

அதற்குமேல் யாரையும் நிறுத்த முடியவில்லை. வரிசை என்றால் ஓசூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஷிப்ட் பஸ்ஸில் பழகியவர்கள். ஆளாளுக்கு ஒரு கை கங்கை, ஒரு கை யமுனை. எல்லாருக்கும் இடது கையில் மட்டும் பேய். திம்மப்பன் என்ற லாரி டிரைவர் வேண்டுமென்றே மாற்றி முக்கினார். அவருக்கு மட்டும் வலது கையில். அந்த நீள வேட்டி, ஆரத்தி கொட்டிய தரையாக ஆகிவிட்டது.

"சாமி, உங்க கையும் பாத்துடலாம்," என்றார் பாப்பம்மா. இன்னும் நம்பிக்கைதான். "உங்களுக்கு ரெண்டும் மஞ்சளா வந்துட்டா இவளுங்க வாயை அடைச்சுடலாம்."

"நேரமாச்சு, ராகுகாலம்."

"ராகுகாலம் நாலரைக்குத்தான்," என்றார் ஆனந்தராஜ்.

பாப்பம்மா சாமியின் கையைப் பிடித்து யமுனையில் முக்கித் துணியில் அறைந்தார். சிவந்தது. அழகாக, ஐந்து விரலும் தெளிவாகச் சிவந்தது.

சாமி பதறினார். பதறினால் கை பழக்கத்துக்குப் போகும். அவசரமாக எலுமிச்சையை எடுத்துச் சிவப்பின்மேல் பிழிந்தார். அந்த அவசரத்தில் கண்ணாடி நழுவியது. பழம் தவறான பக்கம் பீய்ச்சியது. ஊர்ப் பாவத்தை எல்லாம் வாங்கிய அந்தக் கண்ணில் நேராக விழுந்தது.

"அய்யோ! அம்மா! கண்ணு போச்சு! தண்ணி! தண்ணி ஊத்துடா!"

கிருஷ்ணப்பன் விசுவாசி. கைக்கு எட்டிய குடத்தைத் தூக்கினார். அது யமுனை.

சாமி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். தீர்த்தம், தவம், மூன்று மொழி எல்லாம் பறந்தன. பிறந்த ஊரான சிங்காரப்பேட்டையின் சுத்தமான தமிழில் அலறினார்:

"டேய் அது வேணாண்டா! அது சுண்ணாம்புத் தண்ணிடா! அந்தாண்டை குடம், அந்தாண்டை குடம்!"

ஆளாளுக்குத் தம் இடது கையைப் பார்த்தார்கள். குண்டத்தில் சுள்ளி ஒன்று வெடித்தது.

முதலில் அசைந்தவள் மாதேஸ்வரி. டப்பாவைப் பேச்சியம்மாளிடம் கொடுத்தாள். தோள்பையிலிருந்து தான் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். சாமியின் தலையைச் சாய்த்து, கண்ணில் மெல்ல மெல்ல ஊற்றினாள். சாமி கண்ணைக் கசக்கக் கையைத் தூக்கினார்.

"கையை எடுங்க!" என்று கேன்டீன் குரலில் அதட்டினாள். "அந்த விரலாலதான் ஊரையே கெடுத்தீங்க. உங்க கண்ணையாவது விடுங்க. எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போங்க."

பிறகு ஓரமாகப் போய், பையிலிருந்து சோப்பை எடுத்து, அத்தனை பேர் பார்க்க இருபது எண்ணிக் கை கழுவினாள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

மஞ்சத்துணி சாமியின் சொந்தப் பெயர் சின்னராஜ். சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். எந்தச் சாயம் எதில் நிறம் மாறும் என்பது அவருக்கு அத்துப்படி. ஆஸ்பத்திரியில் சொட்டுமருந்து போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. ஜீப்பில் இருந்த ஏட்டுக்கும் கண் சிவப்பு. அவரும் மையிட்டுக்கொண்டவர்தான், அதனால் கொஞ்சம் கடுமையாகவே நடந்துகொண்டார். கிருஷ்ணப்பன் மட்டும் தூணிலிருந்த ஸ்கேன் அட்டையைக் கழற்றிக்கொண்டு கர்நாடகப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அத்திப்பள்ளி தாண்டினால் அங்கேயும் மஞ்சள் கிடைக்கும், சுண்ணாம்பு கிடைக்கும், வரிசையில் நிற்க ஆளும் கிடைக்கும்.

திங்கட்கிழமை மாதேஸ்வரி வேலைக்குப் போனாள். ஆனந்தராஜ் தொட்டியருகே வந்து நின்று, மூன்று மொழி ஸ்டிக்கரை இரண்டு முறை படித்தார். முதல் தடவையாகப் படிக்கிறார் போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தாவது அறையின் கதவு தட்டப்பட்டது. திறந்தால் பாப்பம்மா. குளித்து, பூ வைத்து, கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் தேங்காய், வெற்றிலைபாக்கு, எலுமிச்சம்பழம். அவருக்குப் பின்னால் மூன்று பெண்கள்.

"மாதேஸ்வரியம்மா," என்றார் பாப்பம்மா. 'அம்மா' புதிது. "சாமிக்கே பேய் எறக்கின கை உன் கை. தேவரே, நாங்கதான் தெரிஞ்சுக்கல. என் கண்ணு இன்னும் செவப்பாவே கீது. ஒரு கை வெச்சு மந்திரி தாயி."

மாதேஸ்வரி கதவுநிலையில் சாய்ந்து தாம்பாளத்தைப் பார்த்தாள். மின்விசிறி பேசிய காலத்தில்கூட அவளுக்கு இவ்வளவு குழப்பம் வந்ததில்லை.

உள்ளே போய் ஒரு சோப்பை எடுத்துவந்து தாம்பாளத்தில் வைத்தாள். பாப்பம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார்.

"கண்ணுல வேணாம்! கையில. குழாயடிக்கு வாங்க."

நால்வரும் பயபக்தியோடு பின்னால் போனார்கள். தேய்க்கச் சொன்னாள், தேய்த்தார்கள். விரல் இடுக்கு என்றாள், விரல் இடுக்கைத் தேய்த்தார்கள். இருபது வரை எண்ணச் சொன்னாள். பாப்பம்மா கண்ணை மூடி மந்திரம்போல எண்ணினார். பதினேழில் நின்றுவிட்டார். ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஏன்மா," என்றார், "எதுக்கு இருபது?"

மாதேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேளுங்கக்கா, நல்லாக் கேளுங்க. சொல்றேன்."

மூன்று வாரம், நாளுக்கு முந்நூறு கண், ஒரு கொட்டாங்குச்சி. அந்த 'எதுக்கு' ஒரு வாயிலிருந்தும் வரவில்லை. அதைக் கேட்க இரண்டு நொடி கூட ஆகாது. இருபது எண்ணுவதைவிடச் சுலபம்.